மிதிபடுகிற ஒயருக்கு மாற்று கிடையாதாம்

என் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின், அதாவது ஆம்ப்பின், ஃபுட்சுவிட்சுக்கு (காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெட்டி) புதுக் கேபிள் கேட்டு அதைச் செய்த கம்பெனிக்கு எழுதியிருந்தேன். இன்று காலை பதில் வந்துவிட்டது. பதினேழு நாள் காக்க வைத்து அனுப்பிய பதில் மூன்றே வரி. ஃபுட்சுவிட்ச் கேபிளைத் தனியாக விற்பதில்லை, ஃபுட்சுவிட்சை முழுசாகத்தான் வாங்க வேண்டும், உங்கள் மாடலுக்கான ஃபுட்சுவிட்ச் தயாரிப்பை நிறுத்திவிட்டோம். அதற்குக் கீழே எச்சரிக்கை வேறு: ஒரிஜினல் கேபிள் தவிர வேறு எதையும் இணைக்கக் கூடாது. எந்த ஒரிஜினலை? நீங்களே விற்காத ஒரிஜினலையா? படித்ததும் போனைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

ஆம்ப் நன்றாக இருக்கிறது. காலால் மிதிக்கிற அந்த இரும்புப் பெட்டியும் நன்றாக இருக்கிறது, மூன்று பட்டனும் கிளிக் கிளிக்கென்று வேலை செய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற பதினைந்து அடி ஒயர், அதுதான் போய்விட்டது. போன மாதம் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறி ஆடியபோது யாரோ ஒருவரின் ஷூ சரியாக ஆம்ப் பக்கத்துப் பின்னின் கழுத்தில் இறங்கியது. அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. மேடை என்றால் ஆடுவார்கள், தரையில் கிடக்கிற ஒயரை மிதிப்பார்கள். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒரு ஆம்ப்பில் முதலில் அறுந்துபோகப் போகிற பொருள் எது என்று கிட்டார் பிடிக்கத் தெரியாத குழந்தையைக் கேட்டாலும் அந்த ஒயரைத்தான் காட்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்று கிடைக்காதபடி ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்.

மற்றதை எல்லாம் பாருங்கள். கரண்டுக்குப் போகிற பவர் ஒயர், 230 வோல்ட் ஓடுகிற ஒயர், கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே ஒயர். மறந்துவிட்டு வந்தால் மண்டப ஆபீஸில் கேட்டு வாங்கிச் சொருகிவிடலாம். கிட்டாரிலிருந்து வருகிற ஒயருக்கு, லீட் என்போம், கால் அங்குல ஜாக், நம் மைக் செட்காரர்கள் பி-38 என்பார்களே, அதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் உட்கார்ந்து சொருகிச் சொருகி எடுத்த காலத்து ஜாக், நூறு வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க அதே அளவு. வால்வ் போனால்? ஈசிசி83 என்று ஐரோப்பாவில் பெயர், 12ஏஎக்ஸ்7 என்று அமெரிக்காவில் பெயர், ரஷ்யாவில் செய்தாலும் ஸ்லோவாக்கியாவில் செய்தாலும் சீனாவில் செய்தாலும் அதே ஒன்பது கால் சாக்கெட்டில் போய் உட்காரும். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி சூடாகி வேலை செய்கிற அந்தக் காலத்துப் பொருளுக்கு இன்றைக்கும் மாற்று இருக்கிறது. பட்டனை அமுக்கினால் ஆம்ப்புக்குள் ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்சைத் தட்டிவிடுகிற சின்ன மின்சாரம் போக ஒரு ஒயர் கேட்டால் இல்லை என்கிறார்கள். என் ஆம்ப்பில் அந்த ஒயரில் பாட்டுகூட ஓடுவதில்லை! இரைச்சல் ஏறிவிடும், தரம் குறைந்துவிடும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கு ஆறும்.

தாம்பரத்தில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கச்சேரி. மூன்று மணிக்கு அறுந்த கேபிளையும் ஃபுட்சுவிட்ச் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கேபிளின் இரண்டு முனையிலும் டின் (DIN) என்கிற வட்டமான பின், உள்ளே ஐந்து உலோகக் கால். முதல் கடையில் பார்த்த உடனே தலையை ஆட்டிவிட்டார்கள். இரண்டாவது கடையில் பி-38 ஸ்டீரியோ பின்னை எடுத்து நீட்டினார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பின்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுல வரும். அதுக்கு முந்தி டேப் ரெக்கார்டர்ல வரும். இப்ப யாரு கேக்குறா?" என்றார். ஆனால் கைவிடவில்லை மனிதர். ஏணி போட்டு ஏறி ஒரு டப்பாவை இறக்கி, தூசியை ஊதி, அதற்குள்ளிருந்து ஒரு மிடி கேபிளை, கீபோர்டு மாதிரி மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கிற கேபிளை, எடுத்தார். அதே ஐந்து கால், அதே அரை வட்டம். என் பெட்டியில் சொருகிப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. 350 ரூபாய். "வேற என்னண்ணே வேணும், தெய்வம் மாதிரி எடுத்துக் குடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை முறுக்கினேன்.

மண்டபத்துக்குப் போனபோது ஆறேகால். மேடையில் பூ அலங்காரம் முடியவில்லை, எங்களுக்கு விட்ட இடம் ஒரு மூலை. ஆம்ப்பை வைத்து, கேபிளைச் சொருகி, முதல் பட்டனை மிதித்தேன். கிளீன் என்கிற தெளிவான ஒலியிலிருந்து லீட் என்கிற கரகரப்பான ஒலிக்கு அழகாக மாறியது, பச்சை விளக்கு சிவப்பானது. அவ்வளவுதான் பார்க்க நேரம் கிடைத்தது. கீபோர்டுக்காரர் "ஆரம்பிச்சிடலாம், பொண்ணு மாப்ள வந்துட்டாங்க" என்று கையைத் தூக்கிவிட்டார்.

முதல் பாட்டு மெலடி, ரிவர்ப், அதாவது எதிரொலி, நிறைய வைத்திருந்தேன், அருமையாக இருந்தது. இரண்டாவது குத்து. ரிவர்பை அணைக்கப் பட்டனை மிதிக்கிறேன், அணையவில்லை. மறுபடி மிதிக்கிறேன், அணையவில்லை. பேட்ஸும் தவிலும் முழங்குகின்றன, என் கிட்டார் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது, ஒவ்வொரு மீட்டலும் முந்தின மீட்டலின் எதிரொலியோடு மோதிக் கூழாகிறது. பாடகி திரும்பிப் பார்க்கிறார். பாஸ் வாசிக்கிற தம்பி புருவத்தைத் தூக்குகிறான். ஆம்ப் எனக்குப் பின்னால் நான்கடி தள்ளி இருக்கிறது, நடுவில் ஒரு பூந்தொட்டி. எழுந்து போய்த் திருகலாம் என்றால் வலது கையை எடுத்தால் தாளம் நிற்கும். நான்கு நிமிஷம் அப்படியே ஓட்டினேன்.

அப்புறம் மூன்றாவது பாட்டு. அதில் இடையிசை முழுக்க கிட்டார்தான், எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, அந்தப் பாட்டைக் கேட்கிறவர்கள் அந்த எட்டு பாருக்காகவே காத்திருப்பார்கள். அந்த இடத்தில் பூஸ்டை மிதித்தால்தான் சத்தம் மேலே வரும். மிதித்தேன். ஒன்றும் இல்லை. பூஸ்டும் செத்துப்போய்விட்டது. நான் வாசிக்கிறேன், விரல் ஓடுகிறது, ஒரு சுரம் தப்பவில்லை, ஆனால் மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெரியவர் ஆர்வமாக என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த எட்டு பாருக்காக நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அந்த முகம் திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை மல்டிமீட்டரை எடுத்து அந்த மிடி கேபிளின் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தேன், ஒயர் இருந்தால் பீப் அடிக்கும். நடுவில் இருக்கிற மூன்று கால்களுக்கும் பீப் வந்தது. இரண்டு ஓரத்துக் கால்களில் சத்தமே இல்லை. பின்னைத் திருகிப் பிரித்தேன். உள்ளே மூன்றே மூன்று ஒயர். ஓரத்து இரண்டு கால்களும் சும்மா அழகுக்கு நிற்கின்றன, ஈயம் பட்ட அடையாளமே இல்லை. இதில் கேபிள் செய்தவர் மேல் குற்றமில்லை. 1983-ல் மிடி வந்தபோதே அப்படித்தான் வகுத்தார்கள்: நான்காம் ஐந்தாம் கால்கள் செய்திக்கு, இரண்டாம் கால் இரைச்சலைத் தடுக்கிற ஷீல்டு உறைக்கு, ஓரத்தில் நிற்கிற ஒன்றாம் மூன்றாம் கால்கள் காலி. என் ஆம்ப் செய்தவர்கள் ஐந்து காலையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கிற கேபிளோடு உருவத்தில் ஒத்துப்போய், உள்ளே ஒத்துப்போகாத ஒன்று. சொருகவே முடியாத பின்னாக இருந்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். இது பாதி வேலை செய்து, நம்ப வைத்து, மேடையில் கழுத்தை அறுத்தது. எந்தக் கால் எதற்கு என்று மேனுவலிலும் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு படத்தைப் போட அரைப் பக்கம் போதும்.

இதற்கு வேறு வழியே இல்லை, மூன்று பட்டனுக்கு இத்தனை கால் வேண்டும் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்ஷல் ஜேவிஎம் ஆம்ப்பின் ஃபுட்சுவிட்சைப் பாருங்கள். ஆறு பட்டன். அதற்குப் போவது சாதாரண கிட்டார் லீட், ஒரே ஒரு மோனோ ஜாக். எந்தப் பட்டனை மிதித்தோம் என்பதை டிஜிட்டல் செய்தியாக அனுப்பிவிடுகிறது. கேபிள் போனால் பையிலிருந்து இன்னொரு லீட்டை எடுத்துச் சொருகு, அடுத்த பாட்டு. அறுபதுகளின் ஃபெண்டர் ட்வின் ரிவர்புக்குக்கூட டிவிக்குப் பின்னால் சொருகுகிற அதே ஆர்சிஏ பின்தான். மனசு இருந்தால் செய்யலாம். மனசு இல்லாதவர்கள் ஒருவர் ஆறு கால், ஒருவர் ஏழு கால், ஒருவர் எட்டு கால் என்று ஆளுக்கொரு பின்னாக வைத்துவிட்டு, ஐந்து வருஷம் கழித்து மாடலை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்து காலிலேயே அரை வட்டமாக 180 டிகிரியில் நிற்பது ஒன்று, 240 டிகிரிக்கு விரிந்து நிற்பது ஒன்று, இரண்டும் ஒன்றில் ஒன்று நுழையாது. நாம்தான் தெருத்தெருவாகக் கால்களை எண்ணிக்கொண்டு அலைய வேண்டும்.

"எதுக்கு இந்தப் பாடு, ஒரு ப்ராசசரை வாங்கி நேரா மிக்சர்ல சொருகிட்டுப் போ" என்று, ஆம்ப்பே இல்லாமல் டிஜிட்டல் பெட்டியில் ஒலியை உண்டாக்கிக்கொள்ளச் சொல்லி, குழுவில் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். தெரியும். ஆனால் வால்வ் ஆம்ப்பில் விரலை அழுத்தினால் ஒலி அழுகிறதே, விரலைத் தளர்த்தினால் சிரிக்கிறதே, அதை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. ஒரு ஒயருக்காக ஒருவன் தன் ஒலியையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கடைசியில் நானே செய்தேன். அதே பெரியவரிடம் போய் இரண்டு டின் பின் வாங்கினேன். ஒயருக்கு நெட்வொர்க் கேபிள். அதிலும் சுவருக்குள் ஓட்டுகிற கெட்டிக் கம்பி ஆகாது, நாலு தடவை சுருட்டினால் உள்ளே முறிந்துவிடும். பல இழை உள்ள பேட்ச் கார்டுதான் வேண்டும். ஈயம் வைக்க உட்கார்ந்தால் அந்தப் பின்னின் எண் வரிசை இன்னொரு கொடுமை: ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று என்று போகும். முதலில் மூன்று கால்தான் இருந்தது, பிறகு நடுநடுவே இரண்டைச் செருகினார்கள், அதனால் அப்படி. ஈயம் வைக்கிற பக்கம் திருப்பினால் எல்லாம் இடவலமாக மாறும். சால்டரிங் அயனை ஒரு விநாடி கூடுதலாக வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும். அதனால் பின்னை ஒரு பழைய சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும், சாக்கெட் கால்களை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கால் இடுக்கிலும் அரிசி மணி அளவு ஈயம், பக்கத்துக் காலைத் தொடக் கூடாது. பத்து கால். இரவு பதினொன்றரைக்கு முடித்து மீட்டரை வைத்தேன். ஐந்தும் பீப். சொருகி மிதித்தேன். சேனல் மாறியது, ரிவர்ப் அணைந்தது, பூஸ்ட் வந்தது. மொத்தச் செலவு 200 ரூபாய்கூட இல்லை.

இருநூறு ரூபாய்க்கு நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்ததை, அதைப் படைத்தவர்களால் செய்து விற்க முடியாதாம். ஈயம் வைக்கத் தெரியாத பையன்கள் எத்தனை பேர் இந்த ஒரு ஒயருக்காக நல்ல ஆம்ப்பை வந்த விலைக்குத் தள்ளியிருப்பார்கள்?

இவ்வளவு நேரம் ஒயரைப் பற்றிப் பேசிவிட்டேன், அன்றைக்கு தாம்பரத்தில் வயிறு எரிந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தரைக்குக் கச்சேரி முடித்து இறங்கினால் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. மேடையில் வாசிக்கிறவனுக்குக் கடைசிப் பந்தி என்பது எந்த ஊர் மரியாதை? எட்டு பேருக்கு அண்டாவின் அடியில் ஒட்டிக்கிடந்த தயிர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டதாம். மூன்றரை மணி நேரம் பாடிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு டம்ளர் வெந்நீர் கொடுங்கள் அண்ணே என்று கேட்டேன். அடுப்பைக் கழுவிவிட்டார்களாம்.