"கோயிலுக்கு மிக அருகில்"

"மீனாட்சியம்மன் கோயிலுக்கு மிக அருகில்" என்ற விளம்பரத்தை நம்பி, மதுரையில் இரண்டு நாள் தங்க அறை எடுத்தோம். போய் இறங்கினால் விடுதி மாட்டுத்தாவணிப் பக்கம்! நடுவில் வைகை, அதன்மேல் பாலம், பாலத்தில் நகராத வண்டிகள். பெட்டியை வைத்த கையோடு ஆட்டோ பிடித்தும் கோயிலை அடைவதற்குள் மணி 12.30, நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை 4 மணிக்குத்தான். செருப்பை விட்டுவிட்டுச் சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்ற அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எத்தனை கிலோமீட்டர் என்று உண்மையைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே, டவுன்ஹால் ரோட்டில் எத்தனை விடுதிகள்! அங்கே தங்கியிருந்தால் விடியற்காலையில் அம்மா நடந்தே போய் நிம்மதியாகத் தரிசித்திருப்பார். இரவு இட்லிக் கடைக்கும் பொடிநடைதான். கிடைப்பதே சனி, ஞாயிறு இரண்டு நாள். அதையும் பாலத்து நெரிசலில் தொலைக்க வேண்டுமா?

விடுதி வரவேற்பில் முறையிட்டேன். "மதுரையில் எல்லாமே பக்கம்தான் சார்" என்கிறார்கள். வயிறு எரிகிறது.