'அபீலியன்' வந்தால் குளிர் வருமா?

ஆண்டுதோறும் ஜூலை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: "பூமி சூரியனை விட்டு 66 சதவீதம் விலகிப் போகிறது, ஆகஸ்ட் வரை கடுங்குளிர், சளி, காய்ச்சல் வரும்." இது தவறு.

அபீலியன், அதாவது பூமி சூரியனை விட்டு மிகத் தொலைவில் இருக்கும் நிலை, உண்மைதான், ஜூலைத் தொடக்கத்தில் வருடா வருடம் நடப்பது. அன்று சூரியன் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில், மிக நெருங்கும்போது, 14.7 கோடி. வித்தியாசம் 3 சதவீதம்தான். வழக்கமான தொலைவு 9 கோடி என்று அந்தச் செய்தி தவறாகச் சொல்வதால்தான் அவ்வளவு பெரிய சதவீதம் வருகிறது. சரியான சராசரி 15 கோடி.

சரி, பருவங்கள் எப்படி மாறுகின்றன? பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால். டார்ச்சைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சின்ன, பளிச்சென்ற வட்டம். சாய்த்தால் அதே வெளிச்சம் பரவி மங்கிவிடும். வெயிலும் அப்படித்தான்: சூரியன் பக்கம் சாய்ந்த பாதியில் நேராக விழும், மறுபாதியில் சாய்வாக விழும். சூரியன் தூரத்தில் இருக்கும் அதே ஜூலையில்தான் வட அரைக்கோளத்தில் கோடை. தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். தூரம்தான் காரணமென்றால் இரண்டும் சேர்ந்தல்லவா குளிர வேண்டும்?

அப்புறம், சளிக்குக் காரணம் வைரஸ்.