லாரின் ஹில் இரண்டாவது ஆல்பம் தரக் கடமைப்பட்டவர் அல்லர்

அமெரிக்கப் பாடகியும் ராப் கலைஞருமான லாரின் ஹில்லைப் பற்றி யார் எழுதினாலும், பாராட்டி முடித்த கையோடு, ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பத்துடன் நின்றுவிட்டாரே என்ற குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். 1998 ஆகஸ்ட் 25 அன்று வெளியான 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் கேட்டவர்களுக்கும் இந்தக் குறை எப்படித் தோன்றுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. 23 வயதில் ஒரு பெண் சொல்ல நினைத்த அனைத்தையும் அதில் சொல்லி முடித்திருக்கிறார்.

தொடக்கத்தையே கவனியுங்கள். லாரின் இடம்பெற்ற ஃபூஜீஸ் குழுவின் 'தி ஸ்கோர்' ஆல்பம் 1996இல் அடைந்த பெரும் வெற்றிக்குப் பிறகு தனியாக வரும் ராப் கலைஞர், தன் பெயரை உரக்க அறிவித்துக்கொண்டுதான் வருவார் என்று எதிர்பார்ப்போம். இங்கே பள்ளி மணி அடிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். லாரின் ஹில் என்று அழைக்கும்போது பதில் வருவதில்லை. அந்த ஆசிரியராகப் பேசுபவர் கவிஞர் ராஸ் பராக்கா, பின்னாளில் அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தின் மேயரானவர். பாடல்களுக்கு இடையே அந்த வகுப்பறை திரும்பத் திரும்ப வருகிறது. காதல் என்றால் என்ன என்று அவர் கேட்க, பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைத் தயங்காமல் சொல்கிறார்கள். அதே கேள்வியை லாரின் தன் பாடல்களில் வளர்ந்தவளாக எதிர்கொள்கிறார்.

'டூ வாப்' பாடலில் முதல் சரணம் பெண்களை நோக்கியும் இரண்டாவது ஆண்களை நோக்கியும் ராப்பாக வருகின்றன. இடையில் பழைய சோல் இசையின் கூட்டுக்குரலும் ஊதுகருவிகளும் எழும்போது அதே பெண் பாடத் தொடங்குகிறார். ராப் செய்ய ஒருவர், பல்லவி பாட இன்னொருவர் என்ற வழக்கமான வேலைப்பிரிவு அவருக்குத் தேவைப்படவில்லை. கண்டிப்பும் கனிவும் ஒரே குரலில் வருவதால்தான் அந்த அறிவுரை கசக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஆல்பத்தின் இதயம் 'டு ஸயன்'தான். கருவுற்றிருந்தபோது, குழந்தையை விட இசை வாழ்க்கையைப் பார் என்று சிலர் அறிவுறுத்தியதையும், தான் மகன் ஸயனைத் தேர்ந்தெடுத்ததையும் மறைக்காமல் பாடுகிறார். கார்லோஸ் சந்தானாவின் கிதார் குரலோடு போட்டியிடாமல் பக்கத்திலேயே நடந்து வருகிறது. ஹிப்ஹாப்பில் தாய்மை இவ்வளவு வெளிப்படையான பெருமிதத்துடன் ஒலித்ததை நான் அதிகம் கேட்டதில்லை.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 1999 கிராமி விழாவில் பத்துப் பரிந்துரைகள், ஐந்து விருதுகள், ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதைப் பெற்ற முதல் ஹிப்ஹாப் ஆல்பமும் இதுவே.

ஒரு விஷயத்தில் மட்டும் லாரினுக்காக வாதாட எனக்கு மனமில்லை. நியூ ஆர்க் என்ற பெயரில் இயங்கிய நான்கு இசைக்கலைஞர்கள், இந்த ஆல்பத்தின் பாடலாக்கத்திலும் தயாரிப்பிலும் தங்களுக்குரிய அங்கீகாரம் தரப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. பலர் சேர்ந்து ஸ்டுடியோவில் உருவாக்கும் இசையில் உழைத்தவர் பெயர் அட்டையில் முறையாக இடம்பெற வேண்டும். படைப்பின் மேன்மை அதற்கு விலக்கு ஆகாது. அவரிடம் கணக்குக் கேட்பதாக இருந்தால் இதைக் கேட்கலாம். வராத ஆல்பத்தைப் பற்றிக் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

2001இல் பதிவாகி 2002இல் வெளியான, எம்டிவி தொலைக்காட்சியின் 'அன்பிளக்டு' இசை நிகழ்ச்சியில் அவர் ஒற்றைக் கிதாருடன் அமர்ந்து, குரல் உடைந்த இடங்களையும் மறைக்காமல், பெரும்பாலும் புதிய பாடல்களையே பாடினார். பலருக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்க வந்தது 1998ஐ. எனக்கு அந்தப் பதிவு முதல் ஆல்பத்துக்கு இணையானதாகத் தோன்றவில்லை. ஆயினும் அவர் அன்று தன்னிடம் இருந்ததை அப்படியே முன்வைத்தார் என்பதால், ஒரே ஆல்பத்தோடு நின்றுவிட்டார் என்பவர்கள் அதையும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.