2 ஆம்பியராம்! எந்தப் பக்கம்?

கரண்ட் போனாலும் வைஃபை ரௌட்டர் ஓட வேண்டும். ஒரு 18650 செல்லை, அதாவது 3.7 வோல்ட் லித்தியம் உருளை பேட்டரியை வைத்து 12 வோல்ட் எடுக்க வேண்டும். வோல்ட்டேஜை இப்படி ஏற்றித் தரும் சர்க்யூட்டுக்குப் பெயர் பூஸ்ட் கன்வர்ட்டர். இவ்வளவுதான் என் ஆசை. காயில், ஸ்விட்ச், டயோடு, கெப்பாசிட்டர் என்று நாலே நாலு பாகம் போதும், சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் என்று வீடியோவுக்கு வீடியோ அளக்கிறார்கள். நாலு பாகம்தான், சரி. ஆனால் அந்த நாலைப் பற்றியும் விற்கிறவர் ஒருவராவது முழு உண்மையைச் சொல்கிறாரா?

ரெடிமேடாக வரும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூலையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "28 வோல்ட், 2 ஆம்பியர்". படிக்கிறவன் என்ன நினைப்பான்? 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் என்றுதானே? 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தாலே 12 வாட். நூற்றுக்கு 15 சூடாகப் போகிறது என்று வையுங்கள், செல் 14 வாட் தர வேண்டும். 3.7 வோல்ட் செல்லிலிருந்து அது கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர். சிப்புக்குள் இருக்கிற ஸ்விட்ச்சின் உச்ச வரம்பே 4 ஆம்பியர்தான்! அப்புறம் அந்த 2 ஆம்பியர் எங்கே இருந்து வரும், ஆகாயத்திலிருந்தா? போடுகிற எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பக்கத்துக் கரண்ட், எந்த வோல்ட்டேஜில் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா?

இதில் செல்காரர்கள் தனி ரகம். செல்லின் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர் மணி) என்று கூசாமல் அச்சடிக்கிறார்கள். நல்ல தரமான 18650 செல்லே 3500 பக்கம்தான் வரும். இந்தப் போலியில் கரண்ட் இழுத்தால் வோல்ட்டேஜ் படுத்துவிடும். வோல்ட்டேஜ் படுத்தால் அதே வாட்டுக்குக் கன்வர்ட்டர் இன்னும் அதிகமாக இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் படுக்கும். ரௌட்டர் அணைந்து அணைந்து எரியும்.

சரி, மாட்யூலே வேண்டாம், நாமே கட்டுவோம் என்று காயில் வாங்கப் போனால் அங்கே இதைவிட மோசம்.

"அண்ணே, இது எத்தனை ஆம்பியரில் சாச்சுரேட் ஆகும்?"

"இது 22 மைக்ரோஹென்றி தம்பி."

"அது தெரியுதுண்ணே, ஆம்பியர்?"

"எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

பூஸ்ட் கன்வர்ட்டரின் உயிரே அந்த ஆம்பியர் எண்ணில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் காயிலுக்குள் இருக்கிற ஃபெரைட் கோர் காந்தத்தால் நிரம்பி (இதுதான் சாச்சுரேட் ஆவது), காயில் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும். கரண்ட் செங்குத்தாக ஏறும், ஸ்விட்ச்சாக வேலை செய்கிற மாஸ்ஃபெட் போய்ச் சேரும். டப்பாவில் அதை எழுத மாட்டார்கள்.

மாஸ்ஃபெட் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஐஆர்எஃப்இசட்44என் என்கிற மாஸ்ஃபெட்டைத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து மூடுகிற 'கேட்' காலுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் அது முழுசாகத் திறக்கும். திறக்க ஆரம்பிக்கிற த்ரெஷோல்டே 2 முதல் 4 வோல்ட், அதுவும் கால் மில்லி ஆம்பியர் ஓடுவதற்கு. அதைப் போய் 3.7 வோல்ட்டில் ஓட்டச் சொல்கிறார் வீடியோ மகான். டயோடு இடத்தில் 1என்4007 வேறு! 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த சரக்கு, 50 கிலோஹெர்ட்ஸில் எப்படி நேரத்துக்கு மூடும்? சட்டென்று மூடுகிற ஷாட்கி டயோடு சில ரூபாய்தானே, அதை எழுதினால் குறைந்தா போய்விடுவார்கள்?

எம்டி3608 மாட்யூலில் வோல்ட்டேஜை ஏற்றி இறக்குகிற அந்த நீலப் பொட்டன்ஷியோமீட்டர் கொடுமையைச் சொல்லாமல் விட முடியாது. புது மாட்யூலில் பித்தளைத் திருகை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரொம்ப நேரம் மீட்டரில் ஒன்றுமே அசையாது, உள்ளே போன வோல்ட்டேஜ்தான் கொஞ்சம் குறைந்து அப்படியே வெளியே வரும். மாட்யூல் செத்துவிட்டது என்று குப்பையில் போடுகிறவர்கள் எத்தனை பேரோ. திடீரென்று பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பிக்கும், கை கொஞ்சம் அதிகமாகப் போனால் 20 வோல்ட்டைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து ரௌட்டர் மாட்டியிருந்தால் அவ்வளவுதான். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பலகையில் ஒரு சின்ன அம்புக்குறி போடக்கூட இவர்களுக்கு மனசு வரவில்லை.