ஒப்பந்தக்காரருக்குப் பத்திரம், ஊர்க்காரருக்குக் கடிதம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதை என்ற பேச்சு திரும்பவும் சூடுபிடித்துவிட்டது. 2025 ஜனவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பச்சைக்கொடி காட்டினார். அந்தக் கோடையில் விமான நிலைய நிர்வாகம் திட்டத்தை அரசிடம் கொடுத்தது. 3,500 மீட்டர் ஓடுபாதை, எம்25 நெடுஞ்சாலையின் மேலாகப் போகும். ஓடுபாதைக்கு மட்டும் 21 பில்லியன் பவுண்டு, புது டெர்மினல் எல்லாம் சேர்த்தால் 49 பில்லியன். நவம்பரில் அரசு இந்தத் திட்டத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ், சவுத்ஹால் பக்கம் இருக்கிற நம் ஆட்களில் விமான நிலையச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் உண்டு. அதே வீட்டுக் கூரைக்கு மேல்தான் விடியற்காலை நாலரை மணியிலிருந்து விமானங்கள் இறங்கத் தொடங்கும். அதனால் வாட்ஸ்அப் குழுக்களில் "வேலை வரும்" என்று ஒருவரும் "தூக்கம் போகும்" என்று ஒருவரும் மல்லுக்கட்டுவதில் ஆச்சரியம் இல்லை. இரண்டும் உண்மைதான். எனக்கு உறுத்துவது வேறு. கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று இந்த விமான நிலையத்துக்கு நன்றாகவே தெரியும். யாருக்குக் கொடுத்த வாக்கு என்பதைப் பொறுத்துத்தான் அது காப்பாற்றப்படுகிறது.

ஐந்தாம் டெர்மினலைப் பாருங்கள். செலவு 4.3 பில்லியன் பவுண்டு. பிரிட்டனில் இந்த அளவுக் கட்டுமானம் என்றாலே தாமதமும் கூடுதல் செலவும் சேர்ந்தே வரும். இது சொன்ன தேதியில், சொன்ன பணத்துக்குள் முடிந்தது. வேலையைக் கொடுத்த விதம்தான் காரணம். வழக்கமாக என்ன செய்வார்கள்? டெண்டரில் குறைந்த விலை சொன்னவரைப் பிடித்து, எல்லா நஷ்டத்தையும் அவர் தலையில் கட்டி, ஏதாவது பிசகினால் இரண்டு பக்கமும் வக்கீலைக் கூப்பிடுவார்கள். 1994 அக்டோபரில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம் இடிந்து விழுந்தது. அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டத்தை யார் பெயரில் எழுதினாலும் கடைசியில் அது தன் வாசலில்தான் வந்து நிற்கும் என்பதை, அப்போது ஹீத்ரோவை நடத்திய பிஏஏ நிறுவனம் நன்றாகவே புரிந்துகொண்டது.

அதனால் ஐந்தாம் டெர்மினல் ஒப்பந்தத்தில் அபாயம் முழுவதையும் பிஏஏ தானே ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தக்காரர்களுக்கு ஆன செலவும், முன்கூட்டியே பேசி முடித்த லாபமும் கிடைக்கும். சிக்கனமாக முடித்தால் மிச்சத்தில் பங்கு. திட்டம் முழுவதற்கும் ஒரே காப்பீடு. தவறு நடந்தால் யார் குற்றவாளி என்று தேடாமல் எப்படிச் சரிசெய்வது என்று உட்கார்ந்து பேசினார்கள். 156 மீட்டர் அகலக் கூரையின் ஒரு பகுதியை யார்க்ஷயரில் முதலில் நிறுத்திப் பார்த்து, அங்கே தெரிந்த கோளாறுகளை எல்லாம் களைந்த பிறகே லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

(திறந்த நாள் கதை தனி. 2008 மார்ச் 27 அன்று ஊழியர்களுக்கு கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, பெட்டிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, ஒரு பகுதியைப் பிரித்து அனுப்ப லாரியில் மிலான் வரை கொண்டுபோனார்கள்! கட்டடம் தயாராக இருந்தது, ஆட்களைத் தயார்படுத்தவில்லை. சரி, அதிலும் பாடம் கற்றார்கள். 2014-ல் புது இரண்டாம் டெர்மினலைத் திறந்தபோது முதல் நாள் ஒரே ஒரு விமான நிறுவனம்தான், மற்றவை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.)

இப்போது அதே டெர்மினலுக்காக அக்கம்பக்கத்து ஊர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்போம். அதற்கான பொது விசாரணை 1995 மேயில் தொடங்கி 1999 மார்ச் வரை, 500 நாளுக்கு மேல் உட்கார்ந்தது. சுற்றுவட்டார மக்களுக்கு இருந்த முதல் பயம், இது வந்தால் அடுத்து மூன்றாவது ஓடுபாதையும் வரும் என்பதே. அப்போது பிஏஏ தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் ஈகன், அப்படி எதுவும் வராது என்று குடியிருப்பாளர்களுக்குக் கடிதமே எழுதினார். 2001 நவம்பரில் டெர்மினலுக்கு அனுமதி கிடைத்தது. 2003 டிசம்பரில் அரசின் வெள்ளை அறிக்கையில் மூன்றாவது ஓடுபாதை வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் 2009-ல் ஆம், 2010-ல் இல்லை, 2016-ல் ஆம், 2018-ல் நாடாளுமன்ற வாக்கெடுப்பு, 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் தடுத்தது, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது, இப்போது மறுபடி ஆம். ஓடுபாதை வந்தால் வீடுகள் இடிபடக்கூடிய சிப்சன், ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமங்களில் சமையலறையை மாற்றிக் கட்டலாமா வேண்டாமா என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஹார்மண்ட்ஸ்வர்த்தில் 15-ஆம் நூற்றாண்டில் மரத்தால் கட்டிய தானியக் களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இல்லை.

கடிதத்தை ஏன் யாரும் மதிக்கவில்லை? எழுதியவர் பதவியை விட்டுப் போய்விட்டார். 2006-ல் ஸ்பெயினின் ஃபெரோவியல் தலைமையில் நிறுவனமே கைமாறியது. இன்று பிரான்சின் ஆர்டியன், கத்தார், சவூதி நிதியங்கள் பெரிய பங்குதாரர்கள். பழைய முதலாளி தபாலில் போட்ட வாக்கு புது முதலாளியை எந்த வகையில் கட்டுப்படுத்தும்?

அவநம்பிக்கைக்கு வேர் இன்னும் ஆழம். இந்த இடத்தில் இருந்த ஹீத் ரோ என்ற சிற்றூரையும் அதன் காய்கறித் தோட்டங்களையும் 1944-ல் போர்க்கால அதிகாரத்தைக் காட்டி எடுத்தார்கள். விமானப் படைக்கு அவசரத் தேவை என்றார்கள். விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. போர் முடிந்தது, 1946-ல் அங்கே பயணிகள் விமானம் பறந்தது. அன்றைய விமானத் துறைத் துணை அமைச்சர் ஹெரால்ட் பால்ஃபர் 1973-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், ஆரம்பத்திலிருந்தே சிவில் விமான நிலையத்துக்காகத்தான் அந்த நிலத்தை எடுத்தோம் என்று தானே எழுதிவிட்டார். கலந்தாய்வுக் கூட்டத்தில் டீயும் பிஸ்கெட்டும் கொடுத்தால் இது மறந்துபோகுமா?

கையெழுத்தான காகிதம் என்ன ஆனது என்றும் பாருங்கள். ஐந்தாம் டெர்மினல் அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து ஆண்டுக்கு 4,80,000 தடவைக்கு மேல் கூடாது. இன்றுவரை அது நிற்கிறது. அதை உயர்த்தத்தான் இத்தனை பாடு. இன்னொன்று லண்டனுக்குத் தெற்கே இருக்கிற கேட்விக் விமான நிலையம். இரண்டாவது ஓடுபாதை 40 ஆண்டுக்குக் கட்டமாட்டோம் என்று 1979-ல் மேற்கு சசெக்ஸ் கவுண்டி கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டது இதே பிஏஏதான். 2019 வரை அப்படியே நின்றது. கிரான்ஃபோர்ட் கிராமத்துக்கு மேல் விமானம் ஏறாது என்று 1952-ல் கொடுத்த வாய்வாக்கும் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதை 2009-ல் அரசு ஒரு முடிவில் கைவிட்டது. சத்தத்தை எல்லா ஊரும் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம் என்றார்கள். நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் கிரான்ஃபோர்ட்காரர் நீட்டிக் காட்ட ஒரு தாளும் இல்லை.

பேசும் இடமும் சுருங்கிவிட்டது. ஐந்தாம் டெர்மினல் விசாரணை இவ்வளவு நீண்டதைக் காரணம் காட்டி 2008-ல் திட்டமிடல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது பெரிய திட்டம் தேவையா இல்லையா என்பதை தேசியக் கொள்கை அறிக்கையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அதன்பிறகு வரும் பரிசீலனை ஆறு மாதம்தான், அங்கே போய் "இது எதற்கு?" என்று கேட்க முடியாது. மரம் எங்கே நடலாம், லாரி எந்த வழியாக வரலாம் என்று கேட்கலாம்.

விமான நிறுவனங்களின் நிலைமை வேறு. அவர்களிடம் ஹீத்ரோ வாங்கும் கட்டணத்தை அரசின் ஒழுங்குமுறை ஆணையமான சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி நிர்ணயிக்கிறது. நிர்வாகம் போடும் முதலீடு கணக்கில் ஏறும், அதன்மேல் வருமானம் எடுக்க அனுமதி உண்டு, கடைசியில் அது நம் டிக்கெட்டில் வந்து சேரும். இந்த முறையில் சிக்கனமாகக் கட்ட என்ன அக்கறை இருக்கும் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமும் வர்ஜின் அட்லாண்டிக்கும் சத்தம் போடுகின்றன. அவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்க ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஹவுன்ஸ்லோ ஹீத்தில் ஒரு சிறுவர் பள்ளியின் மைதானத்தில் ஹீத்ரோ கொடுத்த பணத்தில் மண்மூட்டைகளை அடுக்கிக் குவிமாடக் குடில்கள் கட்டியிருக்கிறார்கள். விமானம் போகும்போதும் டீச்சர் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமே. நல்ல காரியம்தான். ஆனால் அது தயவு. அடுத்த பள்ளி அதை உரிமையாகக் கேட்க முடியாது.

மூன்றாவது ஓடுபாதை வந்தால் இரவில் ஆறரை மணி நேரம் விமானம் இருக்காது என்கிறார்கள். இடிக்கப்படும் வீடுகளுக்குச் சந்தை விலைக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாகத் தருவோம் என்கிறார்கள். ரொம்ப சரி. கூரை போட்ட கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள். ஹில்லிங்டன், ஹவுன்ஸ்லோ கவுன்சில்களோடு கையெழுத்துப் போடுங்கள், முதலாளி மாறினாலும் செல்லும்படி. தடை நேரத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் அபராதம் எவ்வளவு, அது எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும் என்று அதிலேயே இருக்கட்டும்.

அடுத்த கருத்துக் கேட்புப் படிவம் வரும்போது ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. கடைசியில் எழுத விடும் காலி இடத்தில் 1979 கேட்விக் ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு, எங்களுக்கான பிரதி எங்கே என்று கேட்கப் போகிறேன். அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் நாலு பேர் இதையே எழுதினால் நன்றாயிருக்கும். ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.