குல்லாவிலிருந்து தொடங்குங்கள், அதிகாரம் பிறகு வரட்டும்

காட்டு விலங்கு ஓவியம் ஒன்றைப் பற்றிக் கோட்பாட்டு மொழியில் யாராவது எழுத ஆரம்பித்தால், முதல் பத்தியிலேயே அதிகாரம், மற்றமை (பிறரை அந்நியராக்கிப் பார்ப்பது), சொல்லாடல் (ஒன்றைப் பற்றிப் பேசும் விதமே அதை உருவாக்குவது) மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும். விலங்கு வருவதற்கு நாலாம் பத்தி ஆகும். சில கட்டுரைகளில் கடைசிவரை வரவே வராது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் கட்டுரை அப்படியே பொருந்தும். கோட்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் விலங்கின் உடம்பில் போய் முட்டிப் பார்க்காத வாசிப்பு எதற்கும் ஒட்டும், அதனாலேயே எதையும் சொல்லாது.

ஒரே ஒரு படத்தை வைத்துப் பேசுவோம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த சிவிங்கி. மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், உயரம் 1.8 மீட்டர். இதை ஃபோன் திரையில் மட்டும் பார்த்துவிட்டுக் கருத்து சொல்வது முதல் சறுக்கல். குதிரைகளையும் நாய்களையும் வரைந்து பிழைத்த ஓவியர், ஒரு பூனையினத்துக்கு ஒரு சுவரளவு துணியைக் கொடுத்திருக்கிறார் என்பதே ஒரு தகவல்.

சிவிங்கி என்று எழுதும்போதே ஒரு சின்னக் குறிப்பு. சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிறுத்தையின் புள்ளிகள் பூப்போல வளையமாக இருக்கும். சிவிங்கிக்கு மை தொட்டு வைத்த மாதிரி நிறைந்த வட்டம். கண்ணின் உள்மூலையிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தடம் போல ஒரு கறுப்புக்கோடு. தலை சின்னது, மார்பு ஆழமானது, இடுப்பு ஒட்டியது. இந்தப் படத்தை 1765-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கொடுத்த தலைப்பு 'வேட்டைப் புலியின் உருவப்படம்'. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் புள்ளி உள்ள பெரிய பூனையையும் புலி என்று சொல்வது உண்டு. நம்மிடம் சிவிங்கி என்று தனிச்சொல்லே இருந்தும், ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகள் வந்த 2022-இல் பல செய்திகளில் சிறுத்தை என்றே எழுதினோம். ஆகவே அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை கிடையாது.

இனி இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. சென்னை கவர்னராக 1755 முதல் 1763 வரை இருந்த ஜார்ஜ் பிகாட், ஊர் திரும்பிய கையோடு மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கொடுத்த பரிசு இந்த சிவிங்கி. பரிசு போனது 1764-இல். அதே ஆண்டில் பிகாட்டுக்கு பேரனெட் என்ற பரம்பரைக் கௌரவப் பட்டம் வந்தது. இரண்டையும் காரணகாரியமாகக் கட்ட என்னிடம் சான்று இல்லை, கட்டவும் மாட்டேன். ஆனால் ஆர்க்காட்டு நவாபின் கடன் காலத்தில் சென்னையில் செல்வம் சேர்த்த ஒருவர், தன் சமூகத்தில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் உயிருள்ள பரிசு கொடுக்கிறார், பிறகு அதைப் படமாகவும் வரையச் சொல்கிறார் என்பதைச் சொல்லாமல் 'பேரரசின் பார்வை' என்று மட்டும் எழுதினால் பேரரசு என்பது ஆளும் முகமும் இல்லாத ஆவியாகிவிடும்.

மன்னர் அதைத் தன் சித்தப்பா கம்பர்லாந்து டியூக்கிடம் ஒப்படைத்தார். அவர் 1764 ஜூன் 30 அன்று விண்ட்ஸர் பூங்காவில் வலையால் ஓரிடத்தை வளைத்து, உள்ளே கலைமான் (ஐரோப்பாவின் பெரிய கொம்பு மான்) ஒன்றை விட்டு, சிவிங்கியை அவிழ்க்கச் சொன்னார். என்ன ஆயிற்று? கலைமான் ஓடவில்லை. கொம்பைத் தாழ்த்தி நின்று சிவிங்கியை விரட்டியடித்தது. பின்வாங்கிய சிவிங்கி வளைப்பைத் தாண்டிப் போய், பூங்காவில் மேய்ந்துகொண்டிருந்த சிறிய ஃபேலோ மான் ஒன்றைக் கொன்றது.

இது கோழைத்தனம் இல்லை, கணக்கு. சிவிங்கியின் எடை 40 முதல் 60 கிலோ. இந்தியாவில் அதைப் பழக்கியது வெளிமான் வேட்டைக்கு. ஆண் வெளிமான் 40 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஐரோப்பியக் கலைமானோ 150 கிலோவுக்கு மேல் போகும். அதைவிட முக்கியம், சிவிங்கியின் வேட்டை இரை ஓடினால்தான் வேலை செய்யும். ஓடுகிற இரையின் பின்னங்காலைத் தட்டி விழவைத்து, தொண்டையைக் கவ்வி மூச்சை அடைப்பது அதன் முறை. நகம் மற்ற பூனைகளைப் போல முழுதாக உள்ளே போகாது. ஓடும்போது தரையைப் பிடிப்பதற்கானது, நின்று மல்லுக்கட்டுவதற்கு அல்ல. வளைத்துக் கட்டிய இடத்தில், நிற்கிற மானுக்கு எதிரே அதை விட்டது, ஓட்டப்பந்தயக்காரனைக் கோதாவில் இறக்கிய கதை.

இப்போது படத்துக்கு வாருங்கள். ஸ்டப்ஸ் அந்தத் தோல்வியை வரையவில்லை. அதற்கு முந்தைய கணத்தை வரைந்திருக்கிறார். வெள்ளை உடையில் இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவிங்கியின் இடுப்பைச் சுற்றிய சிவப்புப் பட்டையைப் பிடித்திருக்கிறார். கண்ணை மூடியிருந்த சிவப்புக் குல்லா நெற்றிக்கு மேலே தூக்கப்பட்டிருக்கிறது. மற்றவர் கை நீட்டி மானைக் காட்டுகிறார். எல்லாமே நடக்கப்போகிறது, எதுவும் இன்னும் கெட்டுப்போகவில்லை. பரிசு கொடுத்தவருக்கு இதைவிட வசதியான கணம் வேறு கிடையாது. படத்தின் முன் நின்றவர்களில் விண்ட்ஸர் கதை தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் திருத்தம்.

அந்தக் குல்லாவில் கொஞ்சம் நில்லுங்கள். அது அலங்காரம் இல்லை, கருவி. வளர்ந்த சிவிங்கியைக் காட்டிலிருந்து பிடித்து மாதக்கணக்கில் பழக்குவார்கள். கூண்டில் அது குட்டி போடுவது அரிதிலும் அரிது என்பதால் ஒவ்வொன்றையும் காட்டிலிருந்தே எடுத்தாக வேண்டும். கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றி மந்தைக்கு அருகில் கொண்டுபோய், குல்லாவைத் தூக்கி, இரையைக் காட்டி விடுவார்கள். கொன்ற பிறகு மர அகப்பையில் இரத்தமோ இறைச்சியோ காட்டி இரையிலிருந்து பிரிப்பார்கள். இத்தனையும் கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் படத்தில் நிற்கும் அந்த இருவர். டியூக்குக்கு அது தெரியாது, பிகாட்டுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் காட்சித் தலைப்பில் விலங்குக்கு மட்டும்தான் இடம்; மனிதர்கள் இருவரும் இல்லை.

'கீழைத்தேய வேலைக்காரர்கள், அந்நியக் கவர்ச்சிக்கான அலங்காரம்' என்று, கிழக்கை மேற்கு பார்த்த விதத்தை விமர்சித்த எட்வர்ட் சயீதின் பெயரைச் சொல்லி இங்கே முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பாதி சரி, பாதி சோம்பேறித்தனம். முகங்களைப் பாருங்கள். அச்சில் வார்த்த 'இந்தியன்' முகங்கள் அல்ல. குதிரைக்கு குதிரை வேறுபாடு காட்டும் அதே கண்ணால் பார்த்து வரைந்த தனித்தனி முகங்கள். படத்தில் வேலை செய்யும் கைகளும் அவர்களுடையவை மட்டும்தான். தலைப்பு மறைத்ததை ஓவியம் காட்டிக்கொடுக்கிறது. இந்த முரணை விட்டுவிட்டால் சயீதைப் படித்ததற்கே பலன் இல்லை.

இன்னொரு அடிக்கடி வரும் பிழை: இந்தியப் பூனை, ஆங்கிலேய மான், ஆகவே இது திப்புவின் புலிக்கும் பிரிட்டிஷ் சிங்கத்துக்கும் நடந்த மோதலின் முன்னோட்டம் என்பது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799-இல். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்கத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கிடைத்ததே 1765 ஆகஸ்டில்தான். பின்னால் வந்த குறியீட்டை முன்னால் கொண்டுபோய் ஒட்டக்கூடாது.

ஸ்டப்ஸின் 'துல்லியம்' பற்றியும் ஒரு எச்சரிக்கை. இவர் 1750-களில் லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் சுமார் 18 மாதம் செத்த குதிரைகளைத் தொங்கவிட்டு, அடுக்கடுக்காகத் தோலுரித்து, தசை பார்த்து வரைந்தவர். அந்தப் பயிற்சி சிவிங்கியின் தோள்பட்டையில் தெரிகிறது. ஆனால் இதே ஓவியர் 1772-இல் ஒரு கங்காருவையும் வரைந்தார். கேப்டன் குக்கின் கடற்பயணத்திலிருந்து வந்த தோலை ஊதி உப்பவைத்து, அதைப் பார்த்து. உயிருள்ள கங்காருவை அவர் கண்டதே இல்லை. இரண்டு படங்களிலும் தூரிகையின் தன்னம்பிக்கை ஒன்றுதான். ஆகவே 'தத்ரூபம்' என்பது ஒரு நடை. நேரில் பார்த்ததற்கான சாட்சி அல்ல. விலங்கு ஓவியத்தில் உண்மை, பிரதிநிதித்துவம் பற்றியெல்லாம் பேச விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இந்த வாசிப்பு 18-ஆம் நூற்றாண்டோடு நிற்பதில்லை. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து விமானத்தில் வந்த 8 சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் திறந்துவிட்டபோது எடுத்த படங்களை வைத்து இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: யார் கொடுத்தது, யாருக்கு, யார் கை படத்தில் தெரிகிறது, எந்தக் கணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இடுப்பில் சிவப்புப் பட்டைக்குப் பதில் கழுத்தில் ரேடியோ காலர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். அந்தப் பழக்கத்தில் உடம்பு அடர்ந்த ரோமம் வளர்த்தது, இங்கேயோ அப்போது மழை. 2023 மழைக்காலத்தில் காலருக்கு அடியில் ஈரம் தங்கி, புண்ணாகி, புழு வைத்து, சில செத்தன. மிச்சமிருந்தவற்றைப் பிடித்து மயக்கி, காலரைக் கழற்றிக் கழுத்தைப் பார்த்தார்கள். அந்தக் கழுத்துகளின் படம் எந்தச் சுவரொட்டியிலும் வரவில்லை.