சிற்றரசன் என்றால் வசவா?

முந்தாநாள் பதிவுக்கு வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். விஜயாலயன் காலத்துச் சோழர்கள் பல்லவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்கள் என்று ஒரு வரி எழுதினேன். 'சோழனை எடுபிடி என்கிறாயா, எவ்வளவு வாங்கினாய்' என்று கிளம்பிவிட்டார்கள். வாங்கியது கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. அதுவும் என் காசில்.

சிற்றரசன் என்பது வசவு இல்லை ஐயா. திறை கட்டு, சண்டை வந்தால் படையோடு வா, மற்றபடி உன் நாட்டை நீ பார்த்துக்கொள் என்கிற ஏற்பாடு அது. படை யார் கையில் இருக்கிறது? அவன் கையில். மேலே இருப்பவன் தளர்ந்தால் என்ன ஆகும்?

850 வாக்கில் தஞ்சையை ஆண்டுகொண்டிருந்த முத்தரையர் என்ற சிற்றரசர்களிடமிருந்து அதைப் பிடித்தான் விஜயாலயன். அவன் மகன் ஆதித்தன், கும்பகோணம் பக்கம் திருப்புறம்பியத்தில் பல்லவன் அபராஜிதனோடு நின்று பாண்டியனை எதிர்த்தான். அதே பக்கம் நின்ற கங்க நாட்டு அரசன் பிருதிவீபதி அந்தக் களத்திலேயே செத்தான். பல்லவன் ஜெயித்தான், ஆனால் வளர்ந்தது சோழன். பிறகு அதே ஆதித்தன் அதே அபராஜிதனைக் கொன்று தொண்டை நாட்டை எடுத்துக்கொண்டான். யானைமேல் இருந்தவனைப் பாய்ந்து கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு பெருமையடிக்கிறது. வெட்டிவைத்தது எதிரி இல்லை, அவன் வம்சத்து வீரராஜேந்திரன். அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

'கரிகாலன் சிற்றரசனா?' இல்லை. அவன் சங்க காலத்துச் சோழன், விஜயாலயனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன். நான் அப்படிச் சொல்லவும் இல்லை. விடுங்கள்.

'கன்னடக்காரனிடம் போய் இப்படிச் சொல்வாயா?' சொல்வேனே. சாளுக்கியருக்குக் கீழே இருந்த தந்திதுர்க்கன் 753 வாக்கில் அவர்களையே தள்ளிவிட்டு ராஷ்டிரகூட அரசை நிறுத்தினான். 973இல் ராஷ்டிரகூடருக்குக் கீழே இருந்த தைலபன், நானும் சாளுக்கியன்தான் என்று சொல்லிக்கொண்டு அவர்களைக் கவிழ்த்தான். அங்கேயும் கீழே இருந்தவன்தான் மேலே வந்தான்.

இன்னும் கோபம் வர வேண்டுமா? சோழருக்கு அடங்கியிருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன், தன்னைப் பல்லவன் என்று சொல்லிக்கொண்டவன், 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். கர்நாடகத்துப் போசளர் (ஹொய்சாளர்) படை வந்துதான் மீட்டது. கடலூர் பக்கம் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. போய்க் கல்லோடு சண்டை போடுங்கள்.

என் அப்பா ஒரு தையற்கடையில் காஜா எடுக்கப் போனவர். பதினோரு வருடம். அப்புறம் எதிர்ச்சாரியிலேயே சொந்தக் கடை போட்டார். பழைய கடை வாடிக்கையில் பாதி இவரிடம் வந்துவிட்டது. அந்த முதலாளி கடைசிவரை அப்பாவிடம் பேசவில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் அப்பா சொல்வார்: "கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்." காஜாப் பையனாக இருந்ததை அவரும் மறைத்ததில்லை, எங்களுக்கும் அது அவமானமாகத் தோன்றியதில்லை.

'நீ தமிழனா' என்று கேட்டவர்களில் ஒருத்தர், அப்பா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு கல்லூரிக்கு வந்தவர். அதற்கு அப்பா கூலிகூட வாங்கவில்லை.

பிளாக் செய்யவில்லை அண்ணே. நீங்களே போனால் போங்கள்.